ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் கோடை அறிவியல் முகாம்: ஒன்றே முக்கால் லட்சம் கட்டலாமா?

சிவகாசி ஆஃப்செட் எழுதியது:

வணக்கம். மகள் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளிக்கு ஒரு நிறுவனத்தார் வந்து பேசிவிட்டு, ஆளுக்கொரு புரோஷர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மே மாதம் பெங்களூரில் இரண்டு வாரம் தங்கிப் படிக்கும் முகாமாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரும் அட்டையில் இருக்கிறது. கட்டணம் ஒன்றே முக்கால் லட்சம். மார்ச் முதல் வாரத்துக்குள் கட்டினால் பதினைந்து சதவீதம் தள்ளுபடி.

நான் அச்சகத் தொழிலில் இருப்பவன். கையில் வாங்கியதும் தாளைத்தான் பார்த்தேன். அட்டை முந்நூறு ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன், தலைப்பில் மட்டும் ஸ்பாட் யூவி. உள்ளே பன்னிரண்டு பக்கம். ஒரு பிரதிக்கு என்ன அடக்கம் ஆகும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். இவ்வளவு செலவழித்தவர்கள், எந்தப் பாடத்தை யார் நடத்துவார்கள் என்று மட்டும் ஒரு வரி போடவில்லை. 'உலகத் தரம் வாய்ந்த வழிகாட்டிகள்' என்று இருக்கிறது. அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கிற பிள்ளைகள்.

மகளுக்குப் போக ஆசை. கணக்கு என்றால் சாப்பாடு வேண்டாம் அவளுக்கு. நகைச்சீட்டு முடிகிறது, அதை எடுத்துக் கட்டிவிடலாம் என்கிறாள் அவள் அம்மா. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இந்த மாதிரி முகாமால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா? நம் சக்திக்குத் தகுந்த மாதிரி வேறு இருக்கிறதா?

இன்னொன்று. பத்தாம் வகுப்புப் பாடத்தை ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கிவிடுவோம், மே மாதம் லீவு தர முடியாது என்று பள்ளியில் சொல்கிறார்கள். அவர்களே கூட்டிவந்து பேசவிட்ட இந்த முகாமுக்கு மட்டும் லீவு உண்டாம்!

மாலதி (நாகர்கோவில்) எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்லும் கம்பெனியா என்று தெரியாது. ஆனால் இதே ரகம் ஒன்றுக்கு என் மகனை அனுப்பினோம். காலையில் ஏசி ஹாலில் பேச்சு, மதியம் 'லீடர்ஷிப்' விளையாட்டு, சாயங்காலம் ஒரு ஐடி கம்பெனி வாசலில் குரூப் போட்டோ. ரோபோ செய்வோம் என்றார்கள். எட்டுப் பேருக்கு ஒரு கிட். இவன் கையில் ஸ்க்ரூ டிரைவர் வந்தபோது நேரம் முடிந்துவிட்டதாம். வரும்போது கோட் போட்ட போட்டோவும் லேமினேட் செய்த சான்றிதழும் கொண்டுவந்தான்.

சும்மா சொல்லக் கூடாது, பயனே இல்லை என்றும் இல்லை. தன் துணியைத் தானே துவைக்கப் பழகிவிட்டான். ஆனால் அதை வீட்டிலேயே இலவசமாகக் கற்றுக்கொடுத்திருக்கலாம்.

இயற்பியல் வாத்தியார் (தென்காசி பக்கம்) எழுதியது:

ஐயா, நகைச்சீட்டுப் பணம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். முகாம் என்று யார் வந்து நின்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, 'நீங்கள் யாரையாவது வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது உண்டா?' என்பதுதான். பணம் கட்டிய எல்லோருக்கும் இடம் உண்டு என்றால் அது சுற்றுலா. சுற்றுலாவில் தப்பில்லை, ஆனால் அந்தக் காசுக்குக் குடும்பத்தோடு போய்வரலாம்.

உங்கள் மகள் ஒன்பதாவது என்கிறீர்கள். அப்படியானால் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு யுவிகா என்று இஸ்ரோ பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் விண்வெளி அறிவியல் முகாமுக்குப் பதிவு செய்யுங்கள். 2019-ல் தொடங்கிய திட்டம், கொரோனாவில் இடையே நின்று 2022-ல் திரும்ப வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், அதனால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சே இதில் கிடையாது. மே மாதம் இரண்டு வாரம். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையம், பெங்களூர், ஸ்ரீஹரிகோட்டா, ஹைதராபாத், அகமதாபாத், டேராடூன், ஷில்லாங் என்று இஸ்ரோவின் மையங்களிலேயே தங்கவைத்து நடத்துகிறார்கள். தங்கல், சாப்பாடு, பாடப்பொருள் எல்லாம் அவர்கள் செலவு. போகவர ரயிலில் இரண்டாம் வகுப்பு ஏசி கட்டணம்வரை திருப்பித் தருவார்கள். அசல் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வு எப்படி என்றால், எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு ஐம்பது சதவீதம். இணையத்தில் ஒரு வினாடிவினா, அதற்குப் பத்து. மீதி, அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டுப் போட்டி, சாரணர், என்சிசி என்று பிள்ளை வகுப்புக்கு வெளியே என்ன செய்திருக்கிறது என்பதற்கு. கிராமப்புற ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பவர்களுக்குத் தனியாக மதிப்பெண் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. பெயர்ப்பலகையில் சிவகாசி என்று இருக்கும், ஆனால் கட்டிடம் மாநகராட்சி எல்லையைத் தாண்டி ஏதாவது ஊராட்சிக்குள் நிற்கும். மெட்ரிக் பள்ளிகளில் பாதி இப்படித்தான், நிலம் அங்கேதானே மலிவு! உங்கள் பள்ளி எந்த எல்லையில் இருக்கிறது, அந்தப் பிரிவில் சேருமா என்று அலுவலகத்தில் கேட்டு, அறிவிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெண் போய்வந்தாள். பீடி சுற்றும் வீடு. பிரவுசிங் சென்டரில் நானும் கூட உட்கார்ந்து சான்றிதழ்களை ஏற்றினேன். குறுவட்டப் போட்டிச் சான்றிதழில் இனிஷியல் ஒன்று, ஆதாரில் வேறொன்று. அதைத் திருத்தி வாங்குவதற்குள் கடைசித் தேதி வந்துவிட்டது. நீங்கள் இன்றைக்கே எல்லாச் சான்றிதழையும் மேசையில் பரப்பிப் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஒத்துப் பாருங்கள்.

அவள் திரும்பி வந்ததும் வகுப்பில் என்னை மடக்கினாள். 'விடுபடு வேகம் நொடிக்கு 11.2 கிலோமீட்டர், அதற்குக் குறைந்தால் பூமியை விட்டுப் போக முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சந்திரயான் அந்த வேகத்தில் கிளம்பவே இல்லையே சார்?' நியாயமான கேள்வி. விடுபடு வேகம் என்பது ஒரே ஒரு தடவை எறிந்துவிட்டு, அப்புறம் தள்ளாமல் விட்ட பொருளுக்கு. ராக்கெட்டோ எரிபொருள் இருக்கும்வரை தள்ளிக்கொண்டே போகிறது. சந்திரயான்-3 முதலில் பூமியைச் சுற்றி, சுற்றுப்பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, அப்புறம்தான் நிலவுப் பக்கம் திரும்பியது. 2023 ஜூலை 14-ல் கிளம்பி ஆகஸ்ட் 23-ல்தான் இறங்கியது ஏன் என்பதற்கும் அதில்தான் பதில் இருக்கிறது. இத்தனையையும் கரும்பலகையில் போட்டுக் காட்டியது நான் இல்லை, அவள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியைப் பார்த்து 'இது எப்படி?' என்று நிற்கிற பழக்கம் அந்த இரண்டு வாரத்தில் வந்திருந்தது. நான் எந்த முகாமுக்குப் பிள்ளையை அனுப்பினாலும் இது ஒன்றைத்தான் எதிர்பார்ப்பேன்.

பள்ளி லீவு விஷயம்: கோடை விடுமுறையில் வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை வருடம் தவறாமல் சொல்கிறது, தனியார் பள்ளிகளும் வருடம் தவறாமல் நடத்துகின்றன. நீங்கள் இப்போதே சண்டைக்குப் போக வேண்டாம். தேர்வாகி இஸ்ரோ கடிதம் வரட்டும். லீவு தர மாட்டேன் என்றவரே வாசலில் உங்கள் மகள் படத்தோடு பேனர் கட்டுவார்.

சிறுசேரி சுண்டல் எழுதியது:

சார் சொன்னதில் ஒரு சின்னச் சேர்க்கை. பெண்ணுக்குக் கணக்குதான் உயிர் என்றால் விண்வெளி முகாம் மட்டும் பார்க்காதீர்கள். கணிதத்துக்கு என்றே ஒரு மரபு இருக்கிறது. அர்னால்ட் ராஸ் என்கிற பேராசிரியர் 1957-ல் அமெரிக்காவில் தொடங்கிய கோடை முகாம் இன்னும் நடக்கிறது. அந்த வழியில் வந்தவர்கள் 1989-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ப்ராமிஸ் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதன் இந்தியப் பதிப்பு பெங்களூர் இந்திய அறிவியல் கழக (ஐஐஎஸ்சி) வளாகத்தில் நடந்திருக்கிறது. பத்து, பதினொன்று படிக்கும்போது முயலலாம். விண்ணப்பத்திலேயே கணக்குகள் கொடுப்பார்கள். விடை வராவிட்டாலும் எதுவரை யோசித்தாய் என்று எழுதி அனுப்பலாம். நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்காமல் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த முகாம்களில் முக்கோணவியல், நுண்கணிதம் என்று மேல்வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்த மாட்டார்கள். முழு எண்கள்தான். 1, 2, 3. தினமும் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் சில வரிகள் இப்படி வரும்: 'நிரூபி, அல்லது தவறு என்று காட்டு, முடிந்தால் சரிப்படுத்து.' அதாவது கொடுத்த வாக்கியம் உண்மையா பொய்யா என்றே சொல்ல மாட்டார்கள். பொய் என்றால் எந்த இடத்தில் உடைகிறது, அதில் எவ்வளவைக் காப்பாற்றலாம் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். நம் பரீட்சைத் தாளில் 'நிரூபி' என்று போட்டிருந்தால் அது உண்மை என்று கேட்காமலே நம்பிவிடுவோம் இல்லையா, அந்த நம்பிக்கையை முதல் நாளே உடைத்துவிடுவார்கள்.

ஒன்று தருகிறேன், மகளிடம் கொடுங்கள். ஓர் எண்ணை எடு. அதை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கு. 41 கூட்டு. விடை எப்போதும் பகா எண். (0 போட்டால் 41, 1 போட்டால் 43, 2 போட்டால் 47, 3 போட்டால் 53.) நிரூபி, அல்லது தவறு என்று காட்டு, முடிந்தால் சரிப்படுத்து. போனைத் தொடக் கூடாது.

ப்ரிஸ்கோ தமிழன் (டெக்சாஸ்) எழுதியது:

வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பெயரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், இங்கே இது தினப்படி பார்க்கிற கூத்து. பல்கலைக்கழக வளாகத்தில் நடப்பது வேறு, பல்கலைக்கழகம் நடத்துவது வேறு. கோடையில் விடுதிகள் காலியாகக் கிடக்கும். தனியார் கம்பெனிகள் அதை வாடகைக்கு எடுத்து, பெரிய பெயரை அட்டையில் போட்டு, ஆயிரக்கணக்கில் டாலர் வாங்குவார்கள். பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் அந்த முகாமின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் விஷயம் அங்கேயே முடிந்தது.

இன்னொரு வேடிக்கை, இங்கே நிஜமாகவே பேர் பெற்ற சிலவற்றுக்குக் கட்டணமே இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) நடக்கும் ஆர்எஸ்ஐ என்கிற கோடை ஆராய்ச்சி முகாம் 1984-லிருந்து இருக்கிறது, ஆறு வாரம், பிள்ளைகள் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்வார்கள், கட்டணம் கிடையாது. இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. 1959-ல் தொடங்கிய எஸ்எஸ்பி என்று ஒரு கோடை அறிவியல் முகாம். அதில் வானியல் எடுத்த பிள்ளைகளே தொலைநோக்கியில் ஒரு சிறுகோளைப் படமெடுத்து, அதன் சுற்றுப்பாதையைத் தாங்களே கணக்கிடுவார்கள். அதற்குக் கட்டணம் உண்டு, வசதியில்லாதவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. என் பையன் இரண்டுக்கும் போட்டான், இரண்டிலும் கிடைக்கவில்லை. கோடை முழுக்க உள்ளூர் நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்தான்.

உங்கள் புரோஷரில் 'கல்லூரி சேர்க்கைக்கு உதவும்' என்று எங்காவது போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் இன்னும் ஒரு அடி தள்ளியே நில்லுங்கள்.

சிவகாசி ஆஃப்செட் எழுதியது:

போட்டிருக்கிறது. ஏழாம் பக்கம், தடித்த எழுத்தில்.

எல்லோருக்கும் நன்றி. புரோஷரில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து வாத்தியார் சார் சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். 'சார், சீட் வேகமாக நிரம்புது, இன்னைக்கே அட்வான்ஸ் போட்டா பிளாக் பண்ணி வைக்கிறேன்' என்றார் அந்தப் பையன். திரும்பவும் கேட்டேன். மேனேஜரைப் பேசச் சொல்கிறேன் என்றார். மேனேஜர் பேசவில்லை, வாட்ஸப்பில் தள்ளுபடியை இருபது சதவீதமாக்கி ஒரு படம் வந்தது.

பள்ளி அலுவலகத்தில் விசாரித்தேன். சார் சந்தேகப்பட்டது சரி, பள்ளிக் கட்டிடம் ஊராட்சி எல்லைக்குள்தான் இருக்கிறது. வீட்டு வரி ரசீதைக் காட்டினார்கள். யுவிகா பதிவு இன்று ராத்திரி செய்கிறோம். எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயர் சரியாக இருக்கிறது. பேச்சுப் போட்டிச் சான்றிதழில் மட்டும் 'ழ' வர வேண்டிய இடத்தில் 'ள'. அச்சுப்பிழை. அதை அடித்தது எங்கள் தெரு அச்சகம்தான், நாளைக்கே போய்ச் சொல்கிறேன்.

இப்போது அந்தக் கணக்கு. சுண்டல் தம்பி, நீங்கள் கொடுத்ததை ராத்திரி எட்டு மணிக்குக் கொடுத்தேன். முதலில் வரிசையாகப் போட்டுக்கொண்டே போனாள். 53, 61, 71 என்று நிறுத்தாமல் போகிறது, பகா எண்ணா என்று ஒவ்வொன்றையும் சோதிப்பதற்குள் கை வலிக்கிறது. பத்து மணிக்கு எழுந்து வந்து, 'அப்பா, 41-ஐயே போட்டால் என்ன?' என்றாள். 41-ஐ 42-ஆல் பெருக்கி 41 கூட்டினால் எல்லாவற்றிலும் 41 இருக்கிறதே, அப்போ அது 41 பெருக்கல் 43தானே என்கிறாள். போட்டுப் பார்த்தோம், 1763. சரிதான். அதோடு தூங்கப் போகவில்லை. 40 போட்டாலும் உடைகிறதாம், 40-ஐ 41-ஆல் பெருக்கி 41 கூட்டினால் 41 பெருக்கல் 41, 1681. காலையில் பல் விளக்கும்போது வந்து இன்னொன்று சொன்னாள்: '41-க்குப் பதிலா எந்த எண்ணைக் கூட்டினாலும் அதுக்கு ஒண்ணு கம்மியான இடத்துல கட்டாயம் உடையும்ப்பா.' 17 வைத்து எனக்குக் காட்டினாள். 16-ஐ 17-ஆல் பெருக்கி 17 கூட்டினால் 17 பெருக்கல் 17. இது சரியான பதில்தானா?

அவளுக்கு யுவிகா கிடைக்காவிட்டால் மே மாதம் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

இயற்பியல் வாத்தியார் (தென்காசி பக்கம்) எழுதியது:

யுவிகாவுக்கு நாடு முழுக்கப் போட்டி, சில நூறு இடம்தான். கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம், அதைப் பெண்ணிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இந்தப் பெண்ணுக்கு நான் கணித ஒலிம்பியாட் பாதையைத்தான் சொல்வேன். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எழுதலாம். முதல் கட்டம் ஐஓக்யூஎம் என்கிற தகுதித் தேர்வு, பெரும்பாலும் செப்டம்பரில் வரும். விடை எல்லாம் முழு எண்கள், ஊகித்துப் பொட்டு வைக்கிற வேலை இல்லை. அதில் தேறினால் மண்டல அளவு, அப்புறம் தேசிய அளவு, அதிலும் தேறுகிற கொஞ்சம் பேருக்குக் கோடையில் பயிற்சி முகாம். உலக ஒலிம்பியாட் அணியை அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். வானியல், இயற்பியல், வேதியியலுக்கும் இதே மாதிரி படிகள் உண்டு, அவற்றின் முகாம் மும்பை மான்குர்த் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில். அதற்கு முன் பழக்கத்துக்கு, சென்னையில் இருக்கிற இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் தேர்வு இருக்கிறது. ஒன்பது, பத்துக்கு உள்ள நிலைக்கு 'பாஸ்கரா' என்று பெயர். பள்ளி வழியாகப் பதிவு செய்ய வேண்டும், கணக்கு டீச்சரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். எந்தக் கட்டத்தில் நின்றாலும் நஷ்டமில்லை, சில நூறு ரூபாய்தான் செலவு.

பத்தாவதில் மாநிலத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, பதினொன்றில் அறிவியல் பிரிவு எடுத்தால் இன்ஸ்பயர் முகாம் என்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஐந்து நாள் நடத்தும். அது அப்புறம்.

ஒரே ராத்திரியில் அந்தக் கணக்கை 40-ல் உடைத்திருக்கிறாள் என்றால் பெரிய விஷயம் ஐயா. நான் பிளஸ் டூ வகுப்பில் கொடுத்தேன், 'சிலபஸ்ல இருக்கா சார்?' என்று கேட்டார்கள்.

சிறுசேரி சுண்டல் எழுதியது:

சரியான பதில். 0 முதல் 39 வரை எல்லாமே பகா எண்தான், 40-ல் முதல் முறை உடைகிறது. பல் விளக்கும்போது சொன்னதுதான் 'சரிப்படுத்து' என்கிற பகுதி, அதை நானே கேட்க மறந்திருந்தேன். ஒரு சின்ன ஓட்டை மட்டும் இருக்கிறது: 41-க்குப் பதில் 1 போட்டால் அவள் சொன்னது நடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அதை முடித்ததும் அடுத்தது. ஒரு பகா எண்ணை எடு, அத்தனை 2-களை ஒன்றோடொன்று பெருக்கு, ஒன்றைக் கழி. விடை எப்போதும் பகா எண். (இரண்டு தடவை என்றால் 3, மூன்று என்றால் 7, ஐந்து என்றால் 31.) நிரூபி, அல்லது தவறு என்று காட்டு, முடிந்தால் சரிப்படுத்து. அண்ணா, உங்களுக்கு விடை தெரிந்தாலும் சொல்லக் கூடாது. தெரியாவிட்டால் நீங்களும் உட்காருங்கள்.